துரைக்கு ஒரு கோட்டு

நாய்க்குக் கோட்டு தைக்க வேண்டும் என்று தம்பி வந்து நின்றபோது, அக்காவின் வாயில் குண்டூசிகள் இருந்தன. அவை மட்டும் இல்லையென்றால் அவன் அன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பான். ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்தி முடிப்பதற்குள் அவளுடைய கோபம் பாதி இறங்கிவிட்டது. மிச்சம் நின்றது சலிப்பு. அவன் விஷயத்தில் அது எப்போதுமே மிச்சம் நிற்கும்.

"இன்னொரு தடவை சொல்லு."

"கோட்டுக்கா. நம்ம துரைக்கு. வெள்ளையும் சாம்பலுமா, புசுபுசுன்னு. துணிகூட நானே எடுத்துட்டு வந்துட்டேன்."

பையிலிருந்து அவன் உருவிக் காட்டியது கரடி பொம்மை செய்கிற துணி. விரல் வைத்தால் விரல் காணாமல் போகும், அவ்வளவு ரோமம். வெளியே அடித்த வெயிலில் கூரியர்காரர் இரும்புக் கேட்டைத் திறக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டு, பார்சலை மதில்மேல் வைத்துவிட்டு ஓடியிருந்தார்.

"இந்த வெயில்லயா?"

"ஃபோட்டோவுக்குத்தான்க்கா. அஞ்சு நிமிஷம்."

தெருவுக்கு அவள் டெய்லர் அக்கா. பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைப்பவள் என்பதால் ஊரே விடுமுறையில் இருக்கும் கோடையில்தான் அவளுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. வீட்டின் பின்பக்கத்து இருட்டு அறைதான் அவளுடைய கடை. முன்பக்கமும் மாடியும் தம்பியுடையவை. பாகம் பிரித்தபோது வெளிச்சமெல்லாம் அவன் பங்கில் போய்விட்டது என்று அவளுக்கு ஒரு குறை இருந்தது. கோடையில் மட்டும் அந்தக் குறை கொஞ்சம் குறையும்.

தம்பியை எல்லோரும் எம்.டி. என்பார்கள். ஊர் விரும்பி வைத்த பட்டம் இல்லை. அவனே அட்டை அடித்து ஊர் முழுக்கக் கொடுத்துவிட்டதால் ஊருக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. ஏசி விற்கிற கடை. கடையில் அவன், பில் போட அவன் மனைவி, மாட்டவும் கழற்றவும் ஒரு மெக்கானிக். மூன்று பேர் இருக்கிற இடத்தில் ஒருவராவது மேனேஜிங் டைரக்டராக இல்லாவிட்டால் நிர்வாகம் எப்படி நடக்கும்?

கடைச் சுவர் முழுக்க ஏசிப் பெட்டிகள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் பதினாறு டிகிரி என்று நீல எழுத்து. கிட்டே போனால்தான் ஸ்டிக்கர் என்று தெரியும். உண்மையில் ஓடுவது ஒன்றே ஒன்று, கண்ணாடி போட்ட எம்.டி. ரூமில். வந்தவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே மாடல் பார்ப்பார்கள். விலை பேச மட்டும் உள்ளே அழைக்கப்படுவார்கள். அந்தக் குளிரை விட மனசில்லாமலே பலர் பேரத்தை இழுத்தடித்தார்கள். அதைத் தன் வியாபார சாமர்த்தியம் என்று எம்.டி. எண்ணிக்கொண்டிருந்தான்.

கடைக்கு ஒரு சின்னம் வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதன் விளைவுதான் துரை. பனியில் வண்டி இழுக்கிற ஜாதி. நீலக் கண், நரி மூஞ்சி, தலைகாணி மாதிரி வால். வம்சாவளிச் சான்றிதழில் இருந்த பெயர் யார் வாயிலும் நுழையாததால் வீட்டில் துரை என்று ஆயிற்று. கடை போர்டில் துரையின் முகத்தை ஆளுயரத்துக்குப் போட்டு, அடியில் எழுதியிருந்தான்: "இவரே எங்களை நம்பி வந்திருக்கிறார். நீங்கள்?"

துரை யாரையும் நம்பி வரவில்லை. ஓட்டை போட்ட அட்டைப் பெட்டியில் வந்தது. வந்து சில மாதம் எல்லோருக்கும் செல்லம். வெயில் ஏற ஏறக் கொஞ்சுகிற ஆட்கள் குறைந்தார்கள், மூச்சிரைப்பது கூடியது. ஒருநாள் மத்தியானம் அது தானாகவே மாடிப்படி இறங்கி, வீட்டைச் சுற்றி வந்து, அக்காவின் வெட்டு மேஜைக்கு அடியில் சிமெண்டுத் தரையில் வயிற்றை அப்பிப் படுத்துக்கொண்டது. அவள் அதைக் காலால் மிதிக்காமல் தைக்கப் பழகிக்கொண்டாள்.

அப்புறம் எல்லாம் அவள் தலையில் விழுந்தது. அகலமான பாத்திரத்தில் தண்ணீர், அது சூடாவதற்குள் மாற்று. விடிவதற்குள் ஒரு நடை, இருட்டிய பிறகு ஒரு நடை. கிளம்பும்முன் புறங்கையைத் தார்ரோட்டில் வைத்துப் பார்ப்பாள். கை தாங்காவிட்டால் பாதமும் தாங்காது. நடுரோட்டில் குனிந்து தரையைத் தொடுகிறவளைப் பார்த்து, "என்னக்கா, ஊசி தொலைஞ்சிடுச்சா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் பதில் சொல்லி அலுத்து, கடைசியில் "ஆமா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இவ்வளவும் நாய் டாக்டரம்மா சொல்லிக் கொடுத்தது. கோடை தொடங்கும்போதே இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். "முடியை வெட்டாதீங்க. உதிர்ற முடியை மட்டும் சீவி எடுங்க. அந்த முடிதான் அவனுக்கு வெயில்ல குடை." அக்கா தலையாட்டினாள். எம்.டி. அப்போது போனில் இருந்தான்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. அக்கா துணி எடுக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தால் முற்றத்தில் வெள்ளை முடி ஒரு குவியல். பக்கத்தில் டிரிம்மரோடு எம்.டி. அவனுக்கு எதிரே, தலையும் வாலும் அப்படியே இருக்க, நடுவே மட்டும் மழிக்கப்பட்டு, வேறு யாரோ ஒருவரின் உடம்பை இரவல் வாங்கியதுபோல் துரை.

"என்னடா பண்ணி வெச்சிருக்கே?"

"சம்மருக்கா. நாம முடி வெட்டிக்கறதில்ல? காமன் சென்ஸ்."

"டாக்டரம்மா வெட்டாதேன்னு சொன்னாங்கடா."

"அவங்க பொதுவா சொல்றது. நான் ஏசி ஃபீல்டுல இருக்கேன். கூலிங் பத்தி எனக்குத் தெரியாதா?"

தலையையும் வாலையும் ஏன் விட்டான் என்று அவள் கேட்கவில்லை. டிரிம்மரில் சார்ஜ் தீர்ந்துவிட்டது என்று அவனே சொன்னான்.

ஒரு வாரம் கழித்துத்தான் அவனுக்கு உறைத்தது. கோடை விற்பனைத் திறப்பு விழாவுக்கு நோட்டீஸ் அடித்தாயிற்று. டி.வி. தொடரில் மாமனாராக வருகிற நடிகர் ரிப்பன் வெட்ட ஒப்புக்கொண்டிருக்கிறார். "துரையுடன் செல்ஃபி எடுங்கள்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. போர்டில் இருக்கிற துரை வேறு, வீட்டில் இருக்கிற துரை வேறு. முடி வளர மாதக்கணக்காகும். ஆகவே கோட்டு.

முழுக் கதையையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னாள், "உடம்பு குளிர்ச்சியா இருக்கட்டும்னு முடியை வெட்டினே. இப்ப வெட்டின முடிக்குப் பதிலா இந்தக் கம்பளியைப் போடணும். நீ சொல்றது உனக்கே கேக்குதா?"

"அதான் ஃபோட்டோவுக்குன்னு சொல்றேனேக்கா."

"முடியாது. ஸ்கூல் ஆர்டர் மலை மாதிரி கிடக்கு. போ."

அவன் போகவில்லை. பெருமூச்சு விட்டான். "சரி, சோபாக்காரர்கிட்டயே குடுத்துடறேன். உள்ள ஸ்பாஞ்ச் வெச்சு ஷேப்பா அடிச்சுத் தர்றேன்னாரு."

சோபாக்காரரை அவளுக்குத் தெரியும். ஆணி அடிக்காமல் அவருக்கு எதையும் முடிக்கத் தெரியாது.

மேஜைக்கு அடியில் துரை ஒரு காலை நீட்டி, தூக்கத்தில் யாரையோ உதைத்தது. அக்கா துணியைப் பிடுங்கிக்கொண்டாள். ரூமுக்குள்ளே ஏசியில் வைத்துத்தான் போட வேண்டும். படம் எடுத்ததும் கழற்ற வேண்டும். வெயில் ஏறுவதற்குள் நாய் இங்கே வந்துவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் அவன் "சரிக்கா, சரிக்கா" என்றான். விசாரிக்காமல் வருகிற சம்மதம் எவ்வளவு நாளைக்கு நிற்கும் என்று முப்பது வருஷமாக அவனுக்கு அக்காவாக இருப்பவளுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் தைத்தாள். ரோமத்தைக் கத்தரித்துப் பாதியாகக் குறைத்தாள், உள்துணி வைக்கவில்லை, வயிற்றுப் பக்கம் முழுக்கத் திறந்து நாடா மட்டும் வைத்தாள். தன்னால் ஆனதைச் செய்தாயிற்று என்று நினைத்துக்கொண்டாள்.

விழா அன்று விடிகாலையிலேயே எம்.டி. வந்து துரையைக் காரில் ஏற்றிக்கொண்டு போனான். அந்தக் கோடையில் கோட்டு சூட்டு, டை. அவனைப் பார்த்ததும் துரையே ஒரு அடி பின்வாங்கியது.

அக்கா காலர் தைத்துக்கொண்டே அடிக்கடி வாசலைப் பார்த்தாள். வெயில் சுவரில் இருந்து இறங்கித் தரைக்கு வந்தது. தரையில் இருந்து அறைக்குள் வந்தது. நாய் வரவில்லை. போன் செய்தால் அவன் எடுக்கவில்லை. இரண்டு காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டாள். அதைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது தம்பி மனைவி கூப்பிட்டாள்.

"அண்ணி," குரல் ரகசியமாக வந்தது, "துரைக்கு என்னவோ பண்ணுதுன்னு நினைக்கிறேன். மூச்சு ஒரு மாதிரி வாங்குது. இவர்கிட்ட சொன்னா, மைக்ல இருக்கேன்ங்கறாரு."

"கோட்டைக் கழட்டியாச்சா?"

"இல்ல அண்ணி."

"ரூம்லதானே இருக்கு?"

"ரூம்ல அந்த டி.வி. மாமனார் உக்காந்திருக்காரு. நாய் முடி பட்டா அவருக்குத் தும்மல் வருமாம். அதனால துரையை வாசல்ல..."

"அது நாய் முடியே இல்லையே, பொம்மை முடியாச்சே," என்று சொல்லிக்கொண்டே அக்கா ஸ்கூட்டர் சாவியைத் தேடினாள். சொன்ன பிறகு, இதையெல்லாம் தன் வாயால் சொல்லும்படி ஆயிற்றே என்று எரிச்சலாக வந்தது.

கடை வாசலில் பனி பெய்திருந்தது. மேடை போட்டு, வெள்ளை பிளாஸ்டிக் விரித்து, அதன்மேல் தெர்மாகோல் உருண்டைகளை மூட்டை மூட்டையாகக் கொட்டியிருந்தார்கள். நடுவில் துரை. நிழல் என்று பார்த்தால் போர்டில் இருந்த துரையின் முகத்தினுடையது மட்டும், அதுவும் எம்.டி. மேல்தான் விழுந்தது. அவன் மைக்கில் முழங்கிக்கொண்டிருந்தான். "பனி மலைகளிலே பிறந்து, நம் குளிர்ச்சியைத் தேடி வந்த துரை..."

அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போனாள். துரையின் நாக்கு ஒரு முழம் தொங்கியது. எச்சில் பசை மாதிரி நூலாக இழுத்தது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு செங்கல் நிறம். அவளைப் பார்த்து வால் ஆடவில்லை. கண் அவள்மேல் பட்டது, ஆனால் நிற்கவில்லை. ஒரு அடி எடுத்து வைக்கப் பார்த்தது. பின்னங்கால் அதன் பேச்சைக் கேட்கவில்லை.

"அக்கா, வந்துட்டியா," எம்.டி. மைக்கை மூடிக்கொண்டு குனிந்தான். "பாரு, காலையிலேருந்து சிரிச்சுக்கிட்டே இருக்கான். செம ரெஸ்பான்ஸ்."

"அது சிரிப்பில்லடா. மூச்சு."

"இன்னும் ரெண்டு ஃபேமிலிதான்க்கா செல்ஃபி..."

"தண்ணி எங்கே?"

"குடிச்சா நெஞ்சுல வழிஞ்சு கோட்டு நனையுது. ஃபோட்டோவுல திட்டுத்திட்டா தெரியுதுன்னு..."

அவளுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது, நேரம்தான் இல்லை. மண்டியிட்டு நாடாவைத் தேடினாள். நாடாவைக் காணோம். தான் திறந்து விட்ட வயிற்றைச் சுற்றி வெள்ளி நிறத்தில் ஏதோ இறுகியிருந்தது. ஏசிக் குழாய்க்குச் சுற்றுகிற டேப்.

"நழுவிக்கிட்டே இருந்துச்சுக்கா. அதான் நாலு சுத்து சுத்தினேன்."

நாலு அல்ல. இழுத்தாலும் கிழியாது, நகத்தாலும் வராது. கத்தரிக்கோல் வேண்டும். தன் பையைப் பார்த்தாள், அவசரத்தில் பையையே எடுத்து வரவில்லை. வாழ்நாளெல்லாம் கத்தரிக்கோலோடு கிடந்தவள் வேண்டிய நேரத்தில் வெறுங்கையோடு நின்றாள். ரிப்பனுக்குப் பக்கத்தில் வெல்வெட்டுத் தட்டில் தங்க நிறத்தில் ஒன்று பளபளத்தது. பாய்ந்து எடுத்தாள். டேப்பில் வைத்து அழுத்தினாள். அது டேப்பைக் கவ்விக்கொண்டு மடங்கியதே தவிர வெட்டவில்லை. வாடகைக் கத்தரிக்கோல். ரிப்பன்கூட முன்பே பாதி அறுத்து வைத்ததுதான் என்று பிறகு தெரிந்தது.

"தள்ளுங்கக்கா," என்று மெக்கானிக் கட்டர் கத்தியோடு உட்கார்ந்தான். "நான் காலையிலேயே சொன்னேன், இந்த டேப்பு உயிருள்ளதுக்கு இல்ல சார்னு. டேப்பைப் பத்திக் கவலைப்படாதே, வீணாக்க மாட்டேன்னாரு." டேப் பிளந்தது. அது ஒட்டியிருந்த இடத்தில் தோல் சிவந்திருந்தது. உள்ளே உடம்பு, இப்போதுதான் இஸ்திரி போட்டு முடித்த துணி மாதிரி கொதித்தது.

இருவருமாகத் தூக்கினார்கள். துரை முதல் தடவையாகத் தன் கனம் முழுவதையும் மற்றவர்களிடம் விட்டுவிட்டது. அக்காவுக்கு அது பிடிக்கவில்லை. குளிப்பாட்டத் தூக்கினால் வீட்டையே இரண்டாக்குகிற நாய்.

எம்.டி. ரூமில் மாமனார் சோபாவில் சாய்ந்து, மூடிய கண்களோடு ஏசிக் காற்றை நெற்றியில் வாங்கிக்கொண்டிருந்தார். கதவு திறந்ததும் கண்ணைத் திறந்து, ஈரமும் எச்சிலுமாக உள்ளே வந்ததைப் பார்த்து, தொடரில் மருமகள் எதிர்த்துப் பேசும்போது எழுந்திருப்பாரே, அப்படி எழுந்தார்.

"என்னம்மா இது? நான் எங்கே உட்கார்றது?"

"வாசல்ல. பனியெல்லாம் கொட்டி வெச்சிருக்கோம்."

அவர் போய்விட்டார். எங்கே போனார் என்று யாரும் பார்க்கவில்லை. துரையைத் தரையில் கிடத்தியபோதே அக்கா டாக்டரம்மாவைப் போனில் பிடித்துவிட்டிருந்தாள். அறையின் மறுபக்கம் எம்.டி. கூவிக்கொண்டிருந்தான். "ஐஸ்! யாராவது ஐஸ் கொண்டாங்க! ஐஸ் ஃபேக்டரிக்கு ஆள் அனுப்புங்க!"

டாக்டரம்மா அந்தக் கூச்சலைக் கேட்டிருக்க வேண்டும். "ஐஸைத் தேடிக்கிட்டு நிக்காதீங்க. குழாய்த் தண்ணி போதும், உடனே ஊத்துங்க. வயிறு, தொடை இடுக்கு, பாதம். விசிறி வெச்சுக் காத்து படற மாதிரி பண்ணுங்க. ஈரத்துண்டைப் போர்த்தி மூடி வெச்சிடாதீங்க, சூடு உள்ளயே நின்னுடும். அவனா நக்கினா கொஞ்சம் தண்ணி குடுங்க, வாயில ஊத்தாதீங்க. கொஞ்சம் ஆறினதும் கிளம்பிடுங்க. அவன் எழுந்து நின்னுட்டாலும் கொண்டு வரணும், புரியுதா?"

மெக்கானிக் ஏசி கழுவுகிற பம்ப்பை இழுத்து வந்து, வேகத்தைக் குறைத்து, பூவுக்குத் தெளிப்பதுபோல் அடித்தான். தம்பி மனைவி பில் கவுண்டரில் இருந்த மேஜை விசிறியைப் பிடுங்கிக்கொண்டு வந்து வைத்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு வேகமாக நடந்து அக்கா பார்த்ததில்லை. தண்ணீர் கம்பளத்தை நனைத்தது, சோபாவின் காலை நனைத்தது, எம்.டி.யின் ஷூவைச் சுற்றி வளைத்தது.

"சோபாக்கா," என்றான் அவன் மெல்ல.

அக்கா தலை நிமிர்ந்தாள். அவன் ஷூவை மட்டும் நகர்த்திக்கொண்டான்.

கண்ணாடிக்கு வெளியே ஊரே மூக்கை அழுத்திக்கொண்டு நின்றது. கூட்டம் என்று ஒன்று தானாகச் சேர்ந்து நிற்பதைப் பார்த்தால் எம்.டி.க்கு ரத்தத்திலேயே ஏதோ ஆகும். சத்தமில்லாமல் வெளியே நழுவினான். சற்று நேரத்தில் ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது. "பொதுமக்களே, பாருங்கள். உயிர் காக்கும் குளிர்ச்சி. வாடி வந்த துரைக்கு நம் நிறுவனத்தின் அறையிலே மறுவாழ்வு..."

கூட்டத்தில் ஒரு பெரியவர் கேட்டார், "தம்பி, அந்த ரூம்ல ஓடுதே, அது என்ன மாடல்?"

எம்.டி. மைக்கை அணைத்தான். அந்த ரூமில் ஓடியது வேறு கம்பெனிப் பெட்டி. பழசு. பெயர் இருந்த இடத்தில் துரையின் படம் ஒட்டியிருந்தது.

அக்காவின் உள்ளங்கைக்கு அடியில் விலா எலும்பு படபடவென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. "டேய் துரை," என்றாள். "டேய்." காது ஒன்று அசைந்தது. அசைந்ததா, விசிறிக் காற்றா என்று தெரியவில்லை. மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை நாக்கு தரையில் இருந்த தண்ணீரை ஒரு நக்கு நக்கியது. கம்பளத் தண்ணீர், ஷூ மிதித்த தண்ணீர். துரை என்று பெயர் வைத்தவனுக்கு நாய் எதைக் குடித்தது என்று தெரிந்தால் கேவலமாக இருக்கும் என்று அவளுக்குத் தோன்றியது. சிரிப்பு வரவில்லை.

காரில் போகும்போது நாயின் தலை அவள் மடியில் இருந்தது. எம்.டி. வண்டி ஓட்டினான். வழி முழுக்க, மாமனார் கோபித்துக்கொண்டு போய்விட்டாரே என்று வருத்தப்பட்டான்.

டாக்டரம்மா நாயைப் பார்த்தார். பின்பக்கத்தில் தெர்மாமீட்டர் வைத்தார். ஊசி, டிரிப், ரத்தப் பரிசோதனை என்று கை ஓய்ந்த பிறகுதான் இவர்கள் பக்கம் திரும்பினார்.

"முடியை வெட்டினது யாரு?"

எம்.டி. சுவரில் இருந்த உண்ணிப் பூச்சியின் படத்தை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி. கோட்டு தைச்சது யாரு?"

"நான்," என்றாள் அக்கா.

"நீங்களா? நீங்கதானே எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுப் போனீங்க. எதுக்குத் தைச்சீங்க?"

"நான் தைக்கலைன்னா, வேற யாராவது இதைவிடத் தடியா தைச்சிடுவாங்கன்னு."

வீட்டில் வைத்து நினைத்தபோது நியாயமாகத் தெரிந்த வார்த்தை, மருந்து வாடை அடிக்கிற அந்த அறையில் சொன்னபோது அப்படியே தம்பி பேசுவதுபோல் இருந்தது. அவளுக்கே அருவருப்பாகிவிட்டது.

டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டார். "உங்க வீட்ல யாராவது ஒருத்தர், மாட்டேன்னு சொல்லிட்டு அதுல நிக்கப் பழகுங்க. இன்னைக்கு இவன் இங்கதான் இருக்கணும். கிட்னி எப்படி இருக்குன்னு நாளைக்குத்தான் சொல்ல முடியும்."

அன்று இரவு அக்கா தைக்கவில்லை. மேஜைக்கு அடியில் காலை நீட்ட இடம் இருந்தது. அவளுக்கு அந்த இடம் வேண்டியிருக்கவில்லை.

மறுநாள் போன் வந்தது. கிட்னி தப்பியது. அதற்கு மறுநாள் துரை வீடு வந்தது. முன்னங்காலில் ஊசிக்காக மழித்த சதுரம், வயிற்றில் டேப் இழுத்த சிவப்பு வரிகள், தலைக்கும் வாலுக்கும் நடுவே எலி மயிர் மாதிரி ஒரு முளைப்பு. காரிலிருந்து இறங்கி, மாடிப்படியைத் திரும்பிப் பார்க்காமல் நேராக வெட்டு மேஜைக்கு அடியில் போய் விழுந்தது.

பின்னாலேயே எம்.டி. வந்தான். "அக்கா, நான் ஒண்ணு யோசிச்சேன். வெளிய வெயில்ல காட்டக் கூடாது, குளுமையா வெச்சுக்கணும்னு டாக்டர் சொன்னாங்கள்ல? நம்ம ரூம்லயே வெச்சிடலாம். கண்ணாடி வழியா ஜனங்க பாப்பாங்க. 'குணமாகி வரும் துரை'ன்னு ஒரு பேனர்..."

"மாட்டேன்."

"உன்னைக் கேக்கலக்கா. நாய் பேப்பர் என் பேர்ல இருக்கு."

"பேப்பரை நீ வெச்சுக்கோ. ஃபிரேம் போட்டு மாட்டிக்கோ. நாய் இங்கேருந்து நகராது."

அவள் எழுந்து நின்றாள். இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்தாள். ஊரைக் கூட்டுவேன் என்பதிலிருந்து, அப்பா இருந்திருந்தால் என்பது வரை எல்லாமே வரிசையாக நாக்கு நுனியில் நின்றன. இந்தத் தடவை பின்வாங்குவதாக இல்லை. அவன் எதிர்த்து ஒரு வார்த்தை சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

அவன் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தான். கோடும் சதுரமுமாகக் கிடந்த உடம்பைத் தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, ஃபோட்டோ எடுப்பவன்போல் பார்த்தான்.

"இப்ப இருக்கற லுக்குல போர்டுக்கு ஒத்து வராதுதான்," என்றான். "சரி, நீயே வெச்சுக்கோ."

அவ்வளவுதான். சேர்த்து வைத்ததெல்லாம் வீணாயிற்று. இரக்கப்பட்டு விட்டிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. ஆனாலும் கிடைத்ததைக் கேள்வி கேட்டுக் கெடுத்துக்கொள்ள அவள் முட்டாள் இல்லை. தண்ணீர்ப் பாத்திரத்தை மேஜைக்கு அடியில் தள்ளினாள். படுத்துக்கொண்டே துரை நாக்கை மட்டும் நீட்டிக் குடித்தது.

எம்.டி. போகவில்லை.

"இன்னும் என்ன?"

"உயிருள்ள பிராணியை வெச்சதுதான்க்கா தப்பு. இப்ப புரியுது." அவன் முகம் ஞானம் வந்ததுபோல் இருந்தது. "அதனால பனிக்கரடி டிரெஸ். உள்ள ஒரு ஆளு. வாசல்ல நின்னு கையாட்டணும், அவ்வளவுதான்."

"உயிருள்ள பிராணி வேண்டாம்னு, உள்ள ஆளை வைக்கப்போறே."

"ஆமா."

"எந்த ஆளு?"

"மெக்கானிக்கைக் கேட்டேன். மாட்டேன்னுட்டான்."

"உன் பொண்டாட்டி?"

"அவளும்தான்." இது அவனுக்குப் புரியாத புதுப் பழக்கமாக இருந்தது. "என்ன ஆச்சுன்னே தெரியலக்கா, நேத்துலேருந்து யாரைக் கேட்டாலும் மாட்டேன்னுதான் சொல்றாங்க."

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த உச்சி வெயில், அந்த வாசல், அந்தத் துணி. உள்ளே யாரோ ஒரு பிழைப்புக்காரன் அகப்பட்டுக்கொள்வதற்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும் என்று தோன்றியது.

"வேற யாரையோ எதுக்குத் தேடறே? முதலாளியே வாசல்ல நின்னு கூப்பிட்டா அது ஒரு தனி மரியாதைதானே?"

அவன் யோசித்தான். யோசிக்க யோசிக்க முகம் மலர்ந்தது. "அட. ஓனரே நேர்ல. யாரும் பண்ணாதது. நெஞ்சுல எம்.டி.ன்னு பெருசா எம்பிராய்டரி பண்ணிடலாமா?"

"பண்ணிடலாம். உள்துணி வெச்சே தைக்கிறேன்."

அக்கா அளவுநாடாவைக் கழுத்திலிருந்து உருவினாள். அவன் ஸ்டூலைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து நின்று, பட்டத்துக்கு நிற்பவன்போல் இரண்டு கைகளையும் அகல விரித்தான். துரை மேஜைக்கு அடியிலிருந்து ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. நாடா அவன் இடுப்பைச் சுற்றி வந்து, பாதியில் நின்றது.

"வயித்தை விடுடா," என்றாள் அக்கா. "உள்ள இழுத்துக்கிட்டு நின்னா அளவு எப்படி வரும்?"